எண்ணிக்கை மட்டுமே அறிவியல் என்பவர்களுக்கு

பொதுச் சுகாதாரத்தில் எண்ணுக்கு மட்டுமே சான்றின் மதிப்பு உண்டு. மனிதர்கள் சொல்வதைக் கேட்டு எழுதும் பண்புசார் ஆய்வு முன்னுரைக்கு உதவலாம், முடிவெடுக்க உதவாது. மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளிலும் நெறிமுறைக் குழுக்களிலும் நிதி தரும் நிறுவனங்களிலும் இந்தக் கருத்து விவாதமே தேவைப்படாத உண்மையாகப் புழங்குகிறது. ஜவ்வாது மலையில் சில கர்ப்பிணிகள் வலி கண்ட பிறகும் மலையை விட்டு இறங்கத் தயங்குவது ஏன் என்று இருபது குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி அறியப்போவதாக ஒரு பட்டமேற்படிப்பு மாணவி ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்தால், அவள் எதிர்கொள்ளப்போகும் முதல் கேள்வி “மாதிரி அளவு எப்படி வந்தது?” என்பதுதான். ‘4பிக்யூ வகுத்தல் எல் ஸ்கொயர்’ என்ற மாதிரி அளவுச் சூத்திரத்தில் அடங்காதது ஆய்வாகாது. ஆகவே அவள் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயாரிப்பாள். முந்நூறு பேரிடம் ‘ஆம், இல்லை’ வாங்குவாள். “விழிப்புணர்வு போதாது” என்று முடிப்பாள். பட்டம் கிடைத்துவிடும். மலையில் இருப்பவள் ஏன் இறங்கவில்லை என்பது முன்பு தெரியாதது போலவே இப்போதும் தெரியாது.

இந்தக் கருத்து தவறு என்பதோடு, உயிரை விலையாகக் கேட்கும் தவறு என்றும் சொல்கிறேன்.

மறுப்பதற்கு முன் அந்தக் கட்சியின் வாதத்தை முழு வலுவோடு வைத்துவிட வேண்டும். மருத்துவரின் முன் ஒரு நோயாளி இருக்கிறார்; பொதுச் சுகாதாரத்தின் முன் ஒரு மக்கள்தொகையே இருக்கிறது. தனித்தனி அனுபவங்களை நம்பினால் தொகை கண்ணுக்குத் தெரியாமல் போகும். கேட்டதும் மனதைத் தொடுகிற கதைதான் பெரும்பாலும் விதிவிலக்காக இருக்கும். இருபது பேர் சொன்னதை இருபது லட்சம் பேருக்குப் பொருத்த முடியாது. பேசப் போகிறவர் தான் கேட்க விரும்புவதையே கேட்டுவிட்டு வருவார். அறிவுக்குப் பின்னாலிருக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் விமர்சனக் கோட்பாடு இன்னும் மோசம்: ‘அதிகாரம்’, ‘சாதி’, ‘சுரண்டல்’ என்ற விடைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வியையே தொடங்குகிறது. இவற்றையெல்லாம் மீறி ஒரு பண்புசார் ஆய்வு நன்றாகவே அமைந்தாலும், அதை வைத்து ஓர் அதிகாரி என்ன உத்தரவு போட முடியும்?

இந்த வாதத்துக்கு நம் மண்ணிலேயே வலுவான சான்று இருக்கிறது. 1968ல் செங்கல்பட்டில் தொடங்கிய பி.சி.ஜி. பெருஞ்சோதனையில் லட்சக்கணக்கான மக்கள் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஊசி நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்று பல நாடுகள் நம்பியிருந்தன. 1979ல் வெளியான முதல் முடிவு, அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை என்றது. எத்தனை மருத்துவர்களின் அனுபவத்தைக் கேட்டிருந்தாலும் இந்த உண்மை வெளிவந்திருக்காது. ஒரு மருந்து வேலை செய்கிறதா, நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விகளுக்கு எண்ணித்தான் ஆக வேண்டும். இதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. எல்லாக் கேள்வியும் இந்த இரண்டு கேள்விகள்தான் என்று சொல்லும்போதுதான் தகராறு தொடங்குகிறது.

1. எண் எங்கிருந்து வருகிறது?

எண்ணைக் கொண்டாடுகிறவர்கள் கேட்காத கேள்வி இது. 1990களில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், சிசு மரணங்களுக்கான காரணங்களின் வரிசையில் ‘சமூகக் காரணங்கள்’ என்று ஒரு வகை இருந்தது. பெண் சிசுக்கொலைக்கு அரசுப் பதிவேடு தந்திருந்த இடம் அது. சேலம், தருமபுரி, மதுரை மாவட்டங்களில் எந்தெந்த வட்டாரத்தில் எத்தனை பெண் குழந்தைகள் கொல்லப்பட்டன என்று ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997ல் எழுதியபோது, அவர்கள் ஆதாரமாகக் கொண்டது இந்தப் பதிவேடுகளைத்தான்.

அந்த எண்ணை உண்டாக்கியது யார்? கிராம சுகாதார செவிலியர். எந்தப் பரிசோதனைக் கூடமும் அதை அவருக்குச் சொல்லவில்லை. பிறந்த மூன்றாம் நாள் நன்றாக இருந்த குழந்தை ஐந்தாம் நாள் இல்லை. வீட்டில் “சீர் தட்டிப் போச்சு” என்று நோயைக் காரணம் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். பாட்டி பேச்சை மாற்றுகிறாள். இவற்றையெல்லாம் கேட்டு, பார்த்து, முந்தைய இரண்டு பிரசவங்களையும் நினைவில் வைத்து, அந்தச் செவிலியர் ஒரு முடிவுக்கு வந்தார். ‘கொலை’ என்று எழுதினால் மறுநாள் அந்த ஊருக்குள் அவர் கால் வைக்க முடியுமா? அதனால் ‘சமூகக் காரணம்’ என்று எழுதினார். பல்கலைக்கழகத்தில் இதற்குக் களஆய்வு என்றும் விளக்கப்பகுப்பு என்றும் பெயர் கொடுப்பார்கள். அவருடைய அந்த உழைப்பு இல்லாமல் அந்த எண்ணே கிடையாது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பெற்றுத் தந்த முறையை அறிவியலல்ல என்று ஒதுக்குவது எந்த வகை நேர்மை?

தொற்றுநோயியலின் தந்தை என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஜான் ஸ்னோவும் 1854ல் லண்டனில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்தான். காலரா பரவிய பிராட் தெருவிலிருந்து வெகு தூரத்தில், ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை காலராவில் இறந்தது அவருடைய வரைபடத்தில் ஒட்டாத ஒரு புள்ளி. அந்தத் தெருக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் அவர் தினமும் அதை வரவழைத்துக் குடித்தார் என்பது மகனிடம் கேட்டபோதுதான் தெரியவந்தது. நாம் வகுப்பறையில் வரைபடத்தைக் காட்டுகிறோம். பேச்சை விட்டுவிடுகிறோம்.

2. ‘இருபது பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?’

எத்தனை விழுக்காடு என்று சொல்ல முடியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை. ஒரு சாவு எந்தெந்தப் படிகளைக் கடந்து நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

கனடா நாட்டு மருத்துவர் ஷீலா சூர்ப்ரிக் 1970களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் பணியாற்றினார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய ‘ராக்குவின் கதை’ 1984ல் வெளிவந்தது. நிலமற்ற தலித் கூலிப் பெண் ஒருத்தியின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது, குழந்தை இறந்துபோகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றிய ‘விழிப்புணர்வு’ அவளுக்கு இல்லை என்று நம்முடைய படிவம் குறித்துக்கொள்ளும். நூல் காட்டுவது வேறு. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பெரியாது. போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு குழந்தைதான் வீட்டில் இருக்கிறது. நகரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் பேருந்துக் காசும் பல நாள் கூலியும் போகும். கொண்டுபோய்ச் சேர்த்துக் காப்பாற்றினாலும், திரும்பி வருவது அதே தண்ணீருக்கும் அதே பசிக்கும்தான்.

ஒரு பெண்ணின் கதைதான் இது. ஆனால் கூலி, நேரம், தூரம், மருத்துவமனையில் அவளை நடத்தும் விதம், திரும்பி வரும் வீடு என்ற சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய், “இங்கேயும் இப்படித்தானா?” என்று சோதிக்கலாம். மறுத்தும் நிரூபிக்கலாம். பொதுமைப்படுத்தல் என்பது விழுக்காட்டைப் பெருக்குவது மட்டும்தான் என்று யார் சட்டம் போட்டார்கள்? வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதற்குள்ளிருந்து அந்தத் தாயின் அன்றைய கூலியை எடுத்துக் காட்ட முடியாது.

3. படிவத்துக்குச் சாய்வு இல்லையா?

பேசப் போகிறவருக்குச் சாய்வு உண்டு. ஒப்புக்கொள்கிறேன். நல்ல பண்புசார் ஆய்வாளர் தன் சாதி, பால், பதவி, வந்து இறங்கிய வாகனம் எல்லாம் எதிரில் இருப்பவரின் வாயைத் திறக்குமா மூடுமா என்று முதலில் தன்னையே விசாரிக்கக் கடமைப்பட்டவர். படிவத்தை எழுதியவர் எந்த இடத்தில் அப்படி விசாரிக்கப்படுகிறார்? “தடுப்பூசி போடாததற்குக் காரணம்: (அ) அறியாமை (ஆ) பயம் (இ) மூடநம்பிக்கை (ஈ) பிற” என்று அச்சிட்ட நொடியிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பதில் சொல்கிறவர் எந்தக் குற்றத்தை ஏற்பது என்று தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.

2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது என்ன நடந்தது? வாட்ஸ்அப் வதந்திகள் பரவின. படித்த, நகரத்து, தனியார் பள்ளிப் பெற்றோர்களே தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ‘அறியாமை’ என்ற கட்டத்துக்குள் இவர்களில் எத்தனை பேரை அடைப்பது? பள்ளியில் வைத்துப் போட வேண்டிய அவசரம் ஏன், ஏற்கனவே போட்ட குழந்தைக்கு மறுபடியும் ஏன், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்டவை பதில் தேவைப்பட்ட கேள்விகள். ஊசி நல்லது, எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டியது. அதனால்தான் அந்தக் கேள்விகளை முகாமுக்கு முன்பே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

4. ‘விமர்சனக் கோட்பாடு அரசியல் பேசுகிறது’

பேசாதது எது? மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937ல் விமர்சனக் கோட்பாட்டை வரையறுத்து எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: ஆய்வு செய்கிறவர் சமூகத்துக்கு வெளியே நிற்பதில்லை, இருக்கும் ஏற்பாட்டை இயல்பானதாக எடுத்துக்கொண்டு வேலைசெய்யும் அறிவு அந்த ஏற்பாட்டுக்கே உழைக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டாம். பக்கத்துக் கர்நாடகத்தின் தும்கூர் போதும்.

1960களின் தொடக்கத்தில், காசநோய் கண்ட கிராமத்தார் மருத்துவமனைக்கு வருவதில்லை, அவர்களுக்கு நோயின் அறிகுறியே தெரியாது என்பது நிபுணர்களின் பொதுவான நம்பிக்கை. அப்படியானால் எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுபோய் ஊர் ஊராகத் தேட வேண்டும். பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் நோயாளிகளைத் தேடிப் போய்ப் பேசினார்கள். 1963ல் அவர்கள் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறி தெரிந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கனவே சிகிச்சை தேடிப் போயிருந்தார்கள். போன இடத்தில் சளியைப் பரிசோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஆய்விலும் எண் உண்டு. ஆனால் எண்ணுவதற்கு முன்னால் கேள்வி திரும்பியது: “நோயாளி ஏன் வரவில்லை?” என்பதிலிருந்து “வந்தவரை நாம் என்ன செய்தோம்?” என்பதற்கு. விமர்சனக் கோட்பாடு செய்யும் வேலை இதுதான். இது அரசியல் என்றால், “நோயாளிக்கு அறிவில்லை” என்று தொடங்கியதும் அரசியல்தான். ஒன்று தன் அரசியலை வெளியே சொல்கிறது, மற்றொன்று சொல்வதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். 2019–21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை 0.1 விழுக்காடு. ஆணுக்கான அறுவை எளிது, ஆபத்தும் குறைவு என்பது எந்த மருத்துவருக்குத் தெரியாது? ஆனாலும் இந்த எண் ‘குடும்பநலச் சாதனை’ என்ற தலைப்பின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. சிசிலியா வான் ஹாலன் 1990களின் நடுவில் சென்னை அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த பெண்களோடு பேசி எழுதிய நூல் 2003ல் வந்தது. பிள்ளை பெற்ற கையோடு, சம்மதம் கேட்காமலே காப்பர்–டி பொருத்தப்பட்ட பெண்களைப் பற்றி அதில் படிக்கலாம். அந்த ஆண்டுகளின் அரசுப் புள்ளிவிவரத்தில் அவர்கள் ‘கருத்தடை சாதனத்தை ஏற்றவர்கள்’. ஏற்றார்களா என்று கேட்பதற்கு ஒருவர் வார்டில் உட்கார வேண்டியிருந்தது.

இறப்புச் சான்றும் இப்படித்தான் மறைக்கிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒரு கைக்குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, தாய் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். இறப்புச் சான்றின் காரணக் கட்டத்தில் ‘பாம்புக்கடி’ என்று எழுதலாம். மருத்துவப்படி அது சரியாகவும் இருக்கும். ‘சாலை போடாதது’ என்பதற்கு நோய்ப் பட்டியலில் குறியீட்டு எண் கிடையாது. குறியீடு இல்லாததால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

5. ‘யாரும் மேற்கோள் காட்டுவதில்லை’

பி.எம்.ஜே. என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழ், பண்புசார் கட்டுரைகள் அதிகம் படிக்கப்படுவதில்லை, மேற்கோள் காட்டப்படுவதில்லை, ஆகவே அவற்றுக்கு முன்னுரிமை இல்லை என்று கட்டுரையாளர்களைத் திருப்பி அனுப்பியது. 2016 பிப்ரவரியில் டிரிஷ் கிரீன்ஹால்க் முதலாக 11 நாடுகளைச் சேர்ந்த 76 அறிஞர்கள் அதை எதிர்த்து வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். ஆசிரியர் குழு பெரிதாக அசையவில்லை. பெரிய இதழ்கள் வெளியிட மறுத்தால் படிப்பவர் குறைவார். படிப்பவர் குறைவு என்று காட்டி மறுபடியும் மறுக்கலாம். இந்த வட்ட வாதத்துக்கு மேலும் பதில் தேவையில்லை.

6. ‘இதை வைத்து ஓர் அதிகாரி என்ன செய்ய முடியும்?’

வேங்கிக்காலுக்கு வாருங்கள். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் கர்ப்ப காலத்திலோ பிரசவத்திலோ அதற்குப் பிந்தைய 42 நாளிலோ ஒரு பெண் இறந்துபோனால், அந்தச் சாவு ஆட்சியர் முன் விவாதத்துக்கு வர வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கிவைத்த தாய் மரணத் தணிக்கை இது. பின்னர் 2010ல் ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் இதை வழிகாட்டு நெறியாக்கியது.

அந்த நெறி என்ன சொல்கிறது? இறந்தவரின் வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் உடனிருந்தவர்களிடம் நடந்ததை நடந்தபடி கேட்டு எழுத வேண்டும். பிறகு ஆட்சியர் கூட்டத்துக்கு உறவினர்களை அழைத்து அவர்கள் வாயால் சொல்லவைக்க வேண்டும். வலி எப்போது வந்தது, யார் என்ன சொன்னார்கள், வண்டி எப்போது கிடைத்தது, முதல் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், ஏன் அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள், இரத்தம் வாங்கி வரச் சொன்னது யார். அவர்கள் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் மருத்துவர்கள் பேசுவார்கள். இந்த விசாரணையில் மாதிரி அளவு ஒன்று. ஒரே ஒரு சாவு.

இது பண்புசார் ஆய்வு இல்லையென்றால் வேறென்ன? இதன் அடிப்படையில் அதிகாரி உத்தரவு போடுகிறார்: இந்த நிலையத்தில் இரவில் செவிலியர் வேண்டும், அந்த மருத்துவமனையில் இரத்தச் சேமிப்பு வேண்டும், இந்த மலைக் கிராமத்துப் பெண்களைப் பேறுகாலத்துக்கு முன்பே கீழே கொண்டுவந்து தங்கவைக்க வேண்டும். தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு விகிதம் 2001–03ல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134, 2018–20ல் 54. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசர மகப்பேறு மையங்கள், முத்துலட்சுமி ரெட்டி உதவித் திட்டம், 108 ஆம்புலன்ஸ் எனப் பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது. தணிக்கை மட்டுமே இழுத்தது என்று சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று ஒவ்வொரு சாவிலும் கேட்டுச் சொன்ன முறை அது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. ‘பயன்படாத’ ஆய்வுமுறை ஒன்றை அரசே பல ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கிறது.

விமர்சனக் கண் இங்கேயும் தேவைப்படுகிறது. தணிக்கை எப்போது செத்துப்போகிறது? குறிப்பாணை கொடுப்பதற்கு ஆள் தேடும் கூட்டமாக அது மாறும்போது. அப்போது அதிகாரப் படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கும் கிராம சுகாதார செவிலியர் மாட்டிக்கொள்வார். மேலே காலியாகக் கிடந்த மருத்துவர் பணியிடம் தப்பித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தச் செவிலியர் தனக்குத் தெரிந்ததை எழுத மாட்டார். அதன் பிறகு நமக்குக் கிடைக்கும் எண்ணும் பொய்யாகிவிடும். அதிகாரம் தரவை எப்படி வளைக்கிறது என்பது தத்துவ வகுப்புக் கேள்வி என்று நினைப்பவர்கள், அந்தச் செவிலியரின் நாற்காலியில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பண்புசார் ஆய்வை ஆதரிக்கும் எங்கள் பக்கத்திலும் சரிசெய்ய வேண்டியது ஏராளம். பத்துப் பேட்டிகளை எடுத்து, மென்பொருளில் போட்டு, ‘ஐந்து கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்று முடிக்கும் கட்டுரைகளைப் பண்புசார் ஆய்வு என்று ஏற்க மாட்டேன். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் பெயரை மூன்று முறை சொன்னால் சிந்தனை வந்துவிட்டது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களுக்கே புரியாத மொழியில் விடுதலை பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தயவின்றித் திருப்பி அனுப்புங்கள். எவ்வளவு காலம் களத்தில் இருந்தீர்கள், யார் உங்களிடம் பேச மறுத்தார்கள், உங்கள் முடிவுக்கு எதிராக எதைக் கேட்டீர்கள், அதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மாதிரி அளவைக் கேட்பதைவிடக் கடினமான கேள்விகள் இவை. இவற்றைக் கேட்பதற்கு, கேட்கிறவருக்கும் அந்த முறை தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே மருத்துவக் கல்லூரிகளிடம் கேட்கிறேன்: உங்கள் ஆய்வுக் குழுக்களில் மானிடவியலோ சமூகவியலோ படித்த ஒருவரையாவது வாக்குரிமையோடு அமர்த்துங்கள். முதுநிலை மாணவர்கள் பண்புசார் ஆய்வை முழு ஆய்வேடாகவே எழுத அனுமதியுங்கள். அரசிடம் கேட்கிறேன்: தாய் மரணத் தணிக்கையில் குடும்பங்கள் சொன்னவை ஆண்டுக்கணக்கில் கோப்புகளில் கிடக்கின்றன, பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். அவற்றைச் சேகரித்த கிராம சுகாதார செவிலியர்களின் பெயர்களையும் அந்த ஆய்வுகளின் ஆசிரியர் வரிசையில் சேருங்கள்.